கால் விரலில் கட்டிய நூல்

எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் எங்கள் பனியன் கம்பெனியில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். சாத்திய கேட்டின் வெளிப்பக்கத்தை என்னளவுக்குப் பார்த்தவன் திருப்பூரிலேயே இருக்க மாட்டான்.

"பழனிமுத்து, இன்னொருக்கா லேட்டா வந்தீங்கன்னா உங்க மிசினை வேற ஆளுக்குக் குடுத்துருவனுங்க," என்றார் மேஸ்திரி சாமியப்பன். எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

வீட்டில் எழுப்பிவிட ஆளில்லை. மனைவி ரங்காத்தாள் தலைப்பிரசவத்துக்குக் கணியூரில் தாய்வீட்டில் இருந்தாள். "புள்ளையோட வர்றப்ப உங்களுக்கு வேலை இருக்கோணும். அது போதுமுங்க," என்று பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். தள்ளியவனும் நான், பார்ப்பவனும் நான். இன்னும் இருபது நிமிஷம் கிடக்கிறது என்று மறுபடி படுத்தேன். அலாரத்தைப் பித்தளைக் குண்டாவுக்குள் வைத்தேன். தெருவே எழுந்தது, என்னைத் தவிர.

கடைசியில் மருதம்மாள் அக்காவிடம் போய் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் கம்பெனியில் பனியன் மடிக்கிறவள். ஆண்பிள்ளை தனியாகத் தூங்கும் வீட்டுக்குள் அவள் எப்படி வருவாள்? அதனால் கால் கட்டைவிரலில் நூலைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாகத் தெருவில் தொங்கவிட்டேன். குழாயடிக்குப் போகும்போது ஒரு இழு இழுப்பாள். பதினோரு நாள் சங்குக்கு முன்பே கேட்டுக்குள் நின்றேன்.

கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கழிவு நூல் அது. பனியன் நூல், உடம்புக்கு மெத்தென்று இருக்க முறுக்குக் குறைத்து நூற்றது. நாள் முழுக்க மிசினில் அது அறுவதைப் பார்த்து முடிச்சுப் போடுவதுதான் என் பிழைப்பே. ஜன்னல் கம்பியில் உரசி நைந்திருந்ததைப் பத்தாம் நாளே பார்த்தேன். ஒரு கயிறு வாங்க வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா இழுத்ததும் நூல் அறுந்து அவள் கையோடு போய்விட்டது. நான் எழுந்து அவிழ்த்துவிட்டேன் என்று நினைத்து அவளும் போய்விட்டாள். என்னை எழுப்பியது சங்குதான்.

ஓடினேன். கேட்டுக் கம்பிக்குப் பின்னால் சாமியப்பன் நின்றார். என் காலைப் பார்த்தார்.

"ஏனுங்க, கால்ல என்னங்க நூலு?"

சொன்னேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பனியன் நூலுங்களா? நீங்களே அதை நம்புனீங்களா?"

"ஊட்டுக்காரிக்குக் கொழந்தை பொறக்கப் போகுதுங்க மேஸ்திரி."

"நல்லபடியாப் பொறக்கட்டுமுங்க," என்றார், கேட்டைத் திறக்காமலே.

உள்ளே என் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் எனக்குத் தெரியாதா? திடீரென்று நின்றது. நூல் அறுந்திருக்கும். என் கை தானாக எழுந்தது. அதற்குள் எவனோ முடிச்சுப் போட்டுவிட்டான். மிசின் மறுபடி ஓடியது.

ரோட்டோரம் குந்தி, விரலில் இருந்த நூலை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு அசையவே இல்லை. என் முடிச்சை மட்டும் அந்தக் கம்பெனியில் யாரும் குறை சொன்னதில்லை.