நான்காம் பாட்டில் திறந்த கதவு

1

இது கட்டுரையாகத்தான் பிறந்தது. ஓர்லா கான்சிடினின் முதல் இசைத்தட்டை ஐம்பது வருடம் கழித்தும் ஏன் ஜனங்கள் விடாமல் கேட்கிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னார் ஒரு பத்திரிகை நண்பர். அயர்லாந்தின் கிளேர் கடற்கரையில் இத்தனை காலமாகக் குடியிருப்பவன் நான். இங்கே மழைக்கு அடுத்தபடியாக அதிகம் காதில் விழுவது அந்தப் பாட்டுகள்தான். எழுத உட்கார்ந்தேன்.

‘எளிமையே அந்தத் தட்டின் வலிமை. ஒரு கிட்டார், ஒரு குரல், வேறு எதுவும்—’

விட்டுவிட்டேன். எளிமையாக இருந்து காணாமல் போன தட்டுகள் எத்தனையோ.

‘அந்தக் குளிர்காலத்தில் அயர்லாந்தின் இளைஞர்கள்—’

இதுவும் வேண்டாம். எந்தக் குளிர்காலத்துக்கும் பொருந்தும்.

மறுநாள் கில்கீயிலிருந்து எனிஸ் போகும் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின் இருக்கையிலிருந்து என் முட்டுக்கட்டையைச் சொன்னேன். ஓட்டுநர் பெர்னி டால்ட்டி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேற எதுவும் இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. எங்கம்மா இருக்காங்க அதுல.”

கட்டுரை அங்கே செத்தது.

2

பெர்னியின் அம்மா டிம்ப்னா கில்கீயில் விடுதி வைத்திருந்தவள். குளிர்காலத்தில் காற்றைத் தவிர யாரும் வந்து தங்காத விடுதி. அங்கேதான் இருபத்திரண்டு வயது ஓர்லா, இரவல் வாங்கிய பதிவுக் கருவியோடும் அதை இயக்கத் தெரிந்த ஒரு நண்பனோடும் வந்து சேர்ந்தாள். சமையலறையின் கல் தரையில் குரல் நன்றாக எழும்புகிறது என்று அங்கேயே நாற்காலி போட்டுப் பாடினாள்.

நான்காம் பாட்டில், இரண்டாம் சரணம் முடியும் இடத்தில், கதவு கிறீச்சிடும். ஒரு பெண் குரல் தணிவாகச் சொல்லும்: “கண்டுக்காதீங்க. நான் இங்க இல்லவே இல்ல.” கதவு மூடும். மூன்றாம் சரணம் தொடங்கும்.

(கேட்டவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்து மதுக்கடைகளில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அதைச் சொல்லித்தான் போவார்கள். அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறவர்களும் உண்டு.)

டிம்ப்னா செத்தபோது பெர்னிக்கு மூன்று வயது. அம்மாவின் குரல் அவளுக்கு நினைவில் இல்லை. ஊரே அறிந்த அந்த ஒரு வரியை ஊராரைப் போலவே அவளும் தட்டிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். அப்பா அந்தப் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

போன வசந்தத்தில் செய்தி வந்தது. தட்டு புதிதாக வெளிவரப் போகிறது. நான்காம் பாட்டு மட்டும் மாறுகிறது. அதே நாளில் இடையூறில்லாமல் இன்னொரு தடவை பாடிப் பதிந்தது இருக்கிறதாம். அதைச் சேர்க்க வேண்டும் என்பது ஓர்லாவின் நெடுநாள் ஆசையாம்.

பெர்னியின் கணவன் ஃப்ளான், பழைய தட்டுதான் வீட்டிலேயே இருக்கிறதே, அதை யார் பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்றான். நியாயமான பேச்சு. அந்த நியாயத்துக்காக அவனோடு இரண்டு நாள் பேசவில்லை அவள். விடுமுறை நாளில் காரை எடுத்துக்கொண்டு கால்வே நகரத்துக்கு அந்தப் பக்கம், ஓர்லாவின் வீட்டுக்கே போய்விட்டாள்.

3

இந்த இடத்தில் ஓர்லாவைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிப் பார்த்தேன். பெரிய வாசல், சில்லென்ற கண்கள். நன்றாகவே வந்தது. பெருமையோடு பெர்னியிடம் சொன்னேன். “பாவங்க, அந்தம்மா ஓட்டைக் காலுறையோட வந்து கதவத் திறந்தாங்க” என்றாள். எழுதியதை அடித்துவிட்டேன்.

பெர்னி யாரென்று சொன்னதும் ஓர்லா நகர்ந்து வழி விட்டாள். தேநீர் போட்டாள். பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். பிறகு தன் வழக்கைச் சொன்னாள். அதற்கப்புறம் எத்தனையோ தட்டுகள் போட்டாயிற்று. யாரும் அவற்றைப் பற்றிக் கேட்பதில்லை. மூக்கால் பாடும் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தேடித்தான் எல்லோரும் இன்னும் இந்த வாசலுக்கு வருகிறார்கள்.

“அந்தப் பொண்ணு பயந்துக்கிட்டே பாடுது. கேட்டா எனக்குக் கூசுது. ஒரு தடவையாவது நல்லாப் பாடுனதக் கேக்கட்டுமே.”

அந்த இன்னொரு பதிவை ஓட விட்டாள். பெர்னி கைகளை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். குற்றம் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் கேட்டாள். பாட்டு முடிந்ததும் பொய் சொல்ல வரவில்லை.

“இதுதான் நல்லாருக்கு” என்றாள்.

ஓர்லா இதை எதிர்பார்க்கவில்லை. பேச்சை டிம்ப்னா பக்கம் திருப்பினாள்.

“அன்னைக்கு அவ எதுக்கு உள்ள வந்தான்னு தெரியுமா உனக்கு?”

தெரியாது. பாட்டுக் கேட்க வந்திருப்பாள் என்றுதான் பெர்னி நினைத்திருந்தாள்.

“பாட்டு யாருக்கு வேணும் அவளுக்கு! மாடியில நீ அழுதுகிட்டிருந்த. உனக்குப் பால் எடுக்க வந்தா. பாத்திரத்தச் சமையலறைச் சன்னலுக்கு வெளியில வச்சிருந்தா, கெடாம இருக்கட்டும்னு. எடுத்துக்கிட்டுப் போறப்ப என்னப் பாத்து ஒரு முழி முழிச்சா பாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல.”

(வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் சரணத்தில் ஓர்லாவின் குரலில் பயம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறாள். பத்திரிகை நண்பருக்கு நான் தர வேண்டியிருந்த கட்டுரை மொத்தமும் இவ்வளவுதான்.)

“அதுக்காகத்தான் அப்ப அதையே வச்சேன்” என்றாள் ஓர்லா. “பதிவு பண்ணுன நண்பன் வேண்டாம்னுதான் சொன்னான். அவ வந்து போனதுக்கப்புறம்தான் எனக்குப் பாட வந்துச்சு. இத எப்படி மறந்தேன்னு தெரியல. அவகிட்ட ஒரு வார்த்த நன்றின்னு சொன்னதில்ல. உங்கிட்ட சொல்லிக்கிறேன்.”

பெர்னி தலையை அசைத்தாள். அவளுக்கும் ஏதோ சொல்ல இருந்தது. வாயில் ரொட்டி இருந்தது.

4

முடிவுகள் மூன்று எழுதினேன். முதலாவதில் ஓர்லா மனம் மாறுகிறாள். இரண்டாவதில் பெர்னி, நல்லதையே போடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுகிறாள். மூன்றாவதில் தட்டில் இரண்டுமே—

இல்லை, சமரசமாக இருக்கிறது.

நடந்தது இவ்வளவு: கார் வரை வந்த ஓர்லா, “நீயே சொல்லு, எதப் போடட்டும்?” என்று கேட்டாள். பெர்னி சொன்ன பதில் இது:

[                    ]

எனக்குத் தெரியும். பெர்னியே சொன்னாள். தட்டு இன்னும் வெளிவரவில்லை என்பதால் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். எதை நிரப்பினாலும் நான் மறுக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். திரும்பும் வழியில் அவள் காரில் பாட்டுப் போடவில்லை. குளிரைப் பார்க்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். மாடியில் ஒரு குழந்தை அழுகிறது, படியில் யாரோ பாலோடு ஏறி வருகிறார்கள் என்பதையே நினைத்துக்கொண்டு கில்கீ வரைக்கும் ஓட்டினாள்.