தாய்மாமனுக்கு மெயில் போட்ட கதை

அக்கா செலினாவின் கல்யாண வேலைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் வீட்டில் கூச்சல் குறையும் என்று அமலுக்குத் தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். பெங்களூர் கம்பெனிக்குக் கொடைக்கானல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், கை சும்மா இருக்குமா? ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி யார் வேண்டுமானாலும் எடுத்துப் புழங்கலாம், காசு கிடையாது என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் செயலியைப் பழைய லேப்டாப்பில் நிறுவினான். வேலைக்கு ஒரு அட்டை; எல்லா அட்டையையும் எல்லாரும் பார்க்கலாம், புதிதாகவும் போடலாம். அட்டையில் பெயரைப் போட்டால் அந்த ஆளுக்கு மெயில் போய்விடும். வேலை முடிந்ததும் அவர் அட்டையை ‘முடிந்தது’ பக்கம் இழுத்துவிட வேண்டும்.

“எல்லாருக்கும் சோலி பிரிச்சுப் போட்டுட்டேம்மா. இனி அதுபாட்டுக்கு நடக்கும்.”

“சொந்தக்காரங்கள நேர்ல போயிக் கூப்பிட வேணாமாடா?” என்றாள் அம்மா.

“அதெல்லாம் அந்தக் காலம்மா.”

மறுநாள் வெள்ளனே பேத்துப்பாறையிலிருந்து மாமா மகள் ஸ்வேதா போன் போட்டாள். “மச்சான், அப்பா கல்யாணத்துக்கு வரமாட்டாராம்.”

அமலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா இல்லாத செலினாவைக் கைபிடித்துச் சர்ச்சுக்குள் கூட்டிப் போக வேண்டியவரே தாய்மாமா ஜெபதுரைதான். அவசரமாக அவர் அட்டையைத் திறந்தான். ‘செலினாவை அழைத்து வருதல். முக்கியத்துவம்: குறைவு.’ புது அட்டை போட்டால் செயலி தானாக அப்படித்தான் வைக்கும், நாம்தான் மாற்ற வேண்டும். விருந்துக்குக் கோழி உரிக்கிற அட்டையில் மட்டும் மறக்காமல் ‘அவசரம்’ என்று மாற்றியிருக்கிறான், புண்ணியவான்!

“மாமா வரலைன்னா நான் சர்ச் வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றாள் செலினா. சொன்னால் செய்கிறவள். அமல் குளிரில் பைக்கை விரட்டினான்.

மாமா வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். “வாங்க மேனேஜர். கோழிய விட நான் கொறைஞ்சு போயிட்டனா?”

“மாமா, அது தானா வந்தது...”

“மொதல்ல ஒன் சோலியப் பாரு.” போனை நீட்டினார். ஸ்வேதா கற்றுக்கொடுத்துப் போட்ட புது அட்டை: ‘தாய்மாமனை நேரில் வந்து கூப்பிடுதல். ஆள்: அமல். முக்கியத்துவம்: அவசரம்.’

அமலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை.

“ஒங்கப்பா நடக்க வேண்டிய நடைய நான் நடக்கப் போறேன்லே. அதப் போயி நீ கொறைவுன்னு போட்டிருக்க.”

அமலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஈர மண்ணில் நின்றபடியே அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“தப்புத்தான் மாமா. அப்பா எடத்துல நின்னு அக்காவ நீங்கதான் கூட்டிட்டு வரணும். வாங்க மாமா.”

மாமா மூக்கை உறிஞ்சினார். மண் ஒட்டிய விரலால் அமலின் அட்டையை ‘முடிந்தது’ பக்கம் இழுத்துவிட்டார்.

அப்பாடா என்று அமல் பைக் பக்கம் திரும்பினான்.

“எங்கலே கெளம்பிட்ட? ஒங்க அத்தைக்கும் மெயில்தான போட்டிருக்க?”

அடுப்படியில் ஒரு குண்டான் நங்கென்று விழுந்தது.