பதினேழு வினாடிகள்

அந்தச் சிறுகோளுக்கு எண்ணும் எழுத்துமாக நீளமான பெயர் ஒன்று உண்டு. கணக்கீட்டு அறையில் யாரும் அதைச் சொல்வதில்லை. ‘கூழாங்கல்’ என்பார்கள், நாற்பது மீட்டர் குறுக்களவுள்ள கூழாங்கல். பூமியை உரசாத குறையாகக் கடந்து போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. இனி ஐந்து வருஷத்துக்கு எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாது.

அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிடும் வேலை அவளுடையது. திங்கட்கிழமை காலை முடிவைப் பார்த்தவள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் கழித்து அது பூமியில் மோத எண்ணூறில் ஒரு பங்கு வாய்ப்பு என்றது கணினி.

துறைத்தலைவர் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். “மத்தியானத்துக்குள்ள வெளியிட்டாகணும்.”

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார். முதல் நாள் அளவு நாலும் உறுத்துது. நாலுமே கல்லு போற திசையில முன்னால தள்ளி நிக்குது. தொலைநோக்கியோட கடிகாரம் பின்தங்கியிருந்தாத்தான் இப்படி வரும்.”

“அப்ப அந்த நாலையும் தூக்கிடும்மா.”

“தூக்கினா மோதும்னும் சொல்ல முடியாது, மோதாதுன்னும் சொல்ல முடியாது. அஞ்சு வருஷம் ஜனங்க வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காரணும்.”

அவர் அளவெடுத்தவர் யாரென்று பார்த்தார். “தராசு எடுத்ததாச்சே. அவருக்கா தப்பு வரும்?” சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தராசு அவளுடைய கணவர். மலைமேல் தொலைநோக்கியை இயக்குபவர். துளியும் பிசகாதவர் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவர்களுடைய ஒரே மகள் ஒன்பது வயதில், நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் அவர் மலையேறினார். வீட்டுக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. இந்த வருஷம் மகளின் இரண்டாவது நினைவு நாளுக்காவது வரச்சொல்லிக் கேட்டிருந்தாள். “டியூட்டி இருக்கு” என்று இரண்டே வார்த்தையில் பதில் வந்தது. அதே நாளில்தான் அவர் இந்தக் கூழாங்கல்லைக் கண்டுபிடித்தார். அலுவலகம் முழுக்கக் கைதட்டியது. அவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற மனம் இப்படியும் கல்லாகுமா என்று அன்றிலிருந்து குமைந்துகொண்டிருந்தாள்.

இப்போது வேறு வழியில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

“நான்தான்.”

“சொல்லு.”

“முதல் நாள் கடிகாரம் சரியா இருந்துச்சா?”

“தெரியல” என்றார். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்காத வார்த்தை அது.

“அன்னிக்குச் சாயங்காலம் இடி விழுந்து நெட் போயிடுச்சு. அது இல்லேன்னா நேரத்தைக் கையாலதான் வைக்கணும். வைக்கப் போனேன். திரையில தேதி இருந்துச்சு. அதுக்கப்புறம் என்னால நிக்க முடியல. தரையிலயே உக்காந்துட்டேன். தொலைநோக்கி அது பாட்டுக்குப் படம் எடுத்துக்கிட்டிருந்துச்சு. நான் எதையும் கண்டுபிடிக்கல. காலையில படத்துல அந்தக் கல்லு இருந்துச்சு, அவ்வளவுதான்.”

“டியூட்டின்னு சொன்னீங்களே.”

“வீட்டுக்கு வந்தா வாசல்ல அவ செருப்பு கிடக்குமே.”

“எடுத்து வெச்சுட்டேன்.”

“அது இல்லாத வாசலையும் பாக்க முடியாதும்மா.”

அவளுடைய கணக்குத்தாளில் பேனா முனை ஒரே இடத்தில் நின்று மை ஊறியது. பேனாவை எடுத்துவிட்டு, “அன்னிக்கு எடுத்த படங்கள்ல ஏதாவது செயற்கைக்கோள் குறுக்கே போயிருக்கா பாருங்க. அது எந்த வினாடி எங்க இருந்துச்சுன்னு துல்லியமாத் தெரியும். அதை வெச்சுக் கடிகாரத்தைப் பிடிச்சிடலாம்” என்றாள்.

நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார். “ரெண்டு படத்துல மாட்டியிருக்கு. பதினேழு வினாடி பின்தங்கியிருக்கு, ரெண்டும் ஒத்துப்போகுது. திருத்த அறிக்கையில காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என் பேரைப் போட்டுக் கவனக்குறைவுன்னு எழுது. மழுப்பாதே.”

பதினேழைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். நான்கு அளவுகளும் பாதையில் வந்து உட்கார்ந்தன. அந்த வருஷம் கூழாங்கல் நிலாவுக்கும் அப்பால் விலகிப் போகும். மோதும் வாய்ப்பு பூஜ்யம். துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

காரணக் கட்டத்தில், ‘மின்னலுக்குப் பின் இயக்குபவர் கடிகாரத்தைச் சரிசெய்யவில்லை’ என்று எழுதினாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை.

சனிக்கிழமை ஊழியர் வேனில் அவள் மலைக்குப் போனாள். வருவதாகச் சொல்லவில்லை. அவர் தொலைநோக்கிக் கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஏதோ கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவ நினைவு நாளன்னிக்கு நீ என்ன பண்ணினே?” என்று கேட்டார்.

இரண்டு வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படி எதையும் கேட்டதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பாதியில் அழுகை வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவரும் அழுதார். சொல்லி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மூன்று மணி வேனில் இருவரும் கீழே இறங்கினார்கள்.