ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிப்பிடித்த ஞாயிற்றுக்கிழமை

கல்யாணமாகி இத்தனை மாதமாகியும் தனசிங் தன் மருமகனிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. தங்கள் சி.எஸ்.ஐ. சபையில் ஒரு பையன்கூடவா கிடைக்கவில்லை, மகள் ஹெப்சி ஓர் ஆர்.சி. கத்தோலிக்கப் பையனைத் தேடிக்கொண்டாளே என்ற வருத்தம், அவ்வளவுதான். மருமகன் டெனிஸ் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், “ஹெப்சி, உன் வீட்டுக்காரருக்குக் காபி வேணுமான்னு கேளு” என்பார்.

அப்படிப்பட்டவர் இன்று முதல்முறையாக மகளின் இரும்புலியூர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். இன்றைக்காவது அப்பா வாயைத் திறந்து அவனிடம் பேசிவிட வேண்டும் என்று கோழிக் குழம்பைக் கிளறியபடியே ஜெபித்துக்கொண்டிருந்தாள் ஹெப்சி.

முன்னறையில் டெனிஸ் பசைக் கையோடு மண்டியிட்டிருந்தான். ரிச்சி தெருவில் வாங்கிய ஸ்பீக்கர்களுக்கு அவனே பெட்டி செய்கிறான். சதுரப் பெட்டி இல்லை; பலாச்சுளை மாதிரி வளைந்த பெட்டி. மெல்லிய பிளைவுட் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, வளைந்த சட்டத்தின்மேல் அழுத்தி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டவேண்டும். காய்வதற்குள் கட்டு விட்டால் பலகை மறுபடி நிமிர்ந்துகொள்ளும்.

“இன்னைக்குப் போயா டெனிஸ்?”

“மாமா வர்றதுக்குள்ள கட்டி முடிச்சு பெட்ரூம்ல தள்ளிடுவேன். எங்க பூசை காலையிலயே முடிஞ்சிடுச்சு. உங்க சர்ச்ல பிரசங்கம் முடியறதுக்குள்ள ரெண்டு பெட்டியே செஞ்சிடலாம்.”

“கொழுப்பு!”

ஆனால் அன்று பிரசங்கம் செய்ய வந்த வெளியூர் போதகருக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். சுருக்கமாக முடித்துவிட்டார். டெனிஸ் டியூபைப் பாதி கட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்றார் தனசிங்.

“ஹெப்சி, உன் வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேளு.”

“ஸ்பீக்கர் பெட்டிப்பா.”

“பெட்டின்னா நாலு மூலை இருக்கணுமே.”

“வளைஞ்சிருந்தா பலகை அதிராது மாமா. பாட்டு சுத்தமா கேக்கும்” என்றான் டெனிஸ்.

“அப்படியாமான்னு கேளும்மா.”

இந்தத் தபால் வேலை அலுத்துப்போய் ஹெப்சி தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அப்போதுதான் முன்னறையில் பட்டென்று ஒரு சத்தம். பஞ்சர் கடையில் வாங்கிய பழைய டியூப் அறுந்துவிட்டது.

“மாப்பிள்ளை! இந்தப் பக்கம் பிரியுது!”

டம்ளரோடு ஓடிவந்த ஹெப்சி அப்படியே நின்றாள். இரண்டு ஆண்களும் மண்டிபோட்டு ஆளுக்கொரு பக்கம் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தார்கள். மூக்கோடு மூக்கு இடிக்காத குறை.

“கையை எடுத்துடாதீங்க மாமா!”

“எடுக்கல, எடுக்கல. எவ்வளவு நேரம் பிடிக்கணும்?”

“உங்க சர்ச் பிரசங்க நேரம்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் டெனிஸ்.

தனசிங் முறைத்தார். பிறகு அவர் தொந்தி மெல்லக் குலுங்கியது.

“சிரிக்காதீங்க மாமா, பெட்டி ஆடுது!”

“நீங்க சிரிக்க வைக்காதீங்க மாப்பிள்ளை!”

“வேற டியூப் இருக்கா பாரு ஹெப்சி” என்றான் டெனிஸ். “கயிறு வேண்டாம், பலகையில தடம் விழுந்துடும்.”

ஹெப்சி சமையலறைக்குள் போனாள். பின்கதவு ஆணியில் ஒரு டியூப் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முன்னறையில் அப்பாவின் குரல் கேட்டது: “நான் கொயர்ல பேஸ் பாடுறவன். அடிக்குரல் இதுல சரியா வருமா?” டியூபைச் சத்தமில்லாமல் எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் செருகினாள்.

“ஒண்ணும் இல்லையே!”

சாப்பாட்டைத் தட்டில் பிசைந்துகொண்டு வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

“மாப்பிள்ளைக்குக் கொடும்மா. காலையிலேருந்து வேலை செய்யறார்.”

குழம்பு கொஞ்சம் பெட்டியிலும் சிந்தியது. யாரும் திட்டவில்லை.

மத்தியானம் பசை இறுகிவிட்டது. இருவரும் மெதுவாகக் கையை எடுத்தார்கள். வளைவு அசையாமல் நின்றது. தனசிங் முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்தார். வெள்ளைச் சட்டையின் மார்பு முழுக்கப் பசை.

“இதுக்கு ஜோடி ஒண்ணு வேணுமே?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை மாமா. புது டியூபா வாங்கி வச்சுடறேன்.”

“டியூப் எதுக்கு மாப்பிள்ளை? நான் வந்ததும் பசை தடவுங்க, போதும்.”

ராத்திரிக்கு அரிசி அளக்கப் போன ஹெப்சி, அந்த டியூபைக் கையைவிட்டு இன்னும் உள்ளே தள்ளினாள்.