போய்ச் சேராத மனு

ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு வரலாறு எடுப்பதென்றால் டீச்சருக்குக் கொஞ்சம் உதறல்தான். முப்பத்தெட்டு வாண்டுகளுக்காக அல்ல. அதில் ஒருத்தி அவள் பெற்ற மகள். வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர் என்று இருவருக்குள் ஏற்பாடு. ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சிலிருந்து மகள் கண்கொட்டாமல் பார்த்தால் சில நாள் பாடமே மறந்துபோகும்.

அன்றைய பாடம், தூரத்து ராஜாவை எதிர்த்துக் காலனி நாட்டு மக்கள் ஏன் கிளம்பினார்கள் என்பது. டீச்சர் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரி, அதை யாரும் இல்லை என்று சொல்லமுடியாது. கரும்பலகையின் ஒரு கோடியில் கிரீடம், மறுகோடியில் நாலு குடிசை, நடுவில் கடல் என்று வரைந்துவிட்டுத் திரும்பினாள்.

"எடுத்த எடுப்புல யாரும் சண்டைக்குப் போகல. ராஜா நல்லவர்தான், நம்ம கஷ்டம் அவருக்குத் தெரியலன்னு நெனச்சாங்க. அதனால மனு எழுதினாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, வருஷக்கணக்கா எழுதினாங்க."

முன்பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். கேள்வி கேட்டே உயிரை வாங்குவதால் ஆசிரியர் அறையில் அவளுக்குக் கேள்விக்குறி என்றே பெயர்.

"மனு ராஜா கைக்குப் போச்சா டீச்சர்?"

"எங்க போச்சு? நடுவுல ராஜா வச்ச கவர்னர்னு ஒருத்தர் இருப்பாரே, பாதி மனுவ அவரே பெட்டியில போட்டுப் பூட்டிடுவாரு."

"அவ்வளவு கெட்டவரா?"

"கெட்டவர்னு இல்லம்மா. பயம். மனுவ அனுப்பினா, 'நீதானே அவங்களத் தூண்டிவிட்டே'ன்னு ராஜா அவரையே புடிச்சுக்குவாரு. அதனால, 'இங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க'ன்னு…"

வாக்கியம் பாதியில் நின்றது. டீச்சரின் கண் தன்னையறியாமல் மூன்றாவது பெஞ்சுக்குப் போனது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் கணவர் கடல் தாண்டி ஓர் எண்ணெய்க் கிணற்றில் மேற்பார்வையாளர். ஒன்பது வருஷமாக வீட்டை அங்கிருந்தே போனில் ஆண்டுகொண்டிருக்கிறார். ஜன்னலுக்கு என்ன திரை, காய்ச்சலுக்கு எந்த டாக்டர், எல்லாம் அவர் சொன்னால்தான்; மகளைப் பற்றிக்கூட மனைவியிடம்தான் கேட்பார். மகளை எட்டாம் வகுப்பிலிருந்து வெளியூர் ஹாஸ்டலில் சேர்ப்பதென்றும் அங்கேயே உட்கார்ந்து முடிவுகட்டிவிட்டார். மூன்று வாரத்துக்கு முன் மகள் நோட்டுத்தாளில் இரண்டு பக்கம் எழுதி, "போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பும்மா" என்று கொடுத்தாள்.

'நான் ஹாஸ்டலுக்குப் போகலப்பா. நான் போயிட்டா அம்மா தனியா இருப்பாங்க. அவங்களுக்குத் தனியா இருக்கப் பயம். உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க.'

இதைப் படித்தால் மனுஷன் என்ன கேட்பார்? 'நீ சொல்லிக் குடுத்து எழுத வச்சியா?' அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, கடிதத்தை அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் செருகிவிட்டாள். மகளிடம் 'அனுப்பிட்டேன்', அவரிடம் 'அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்'. மகளை அனுப்ப அவளுக்கும் மனசே இல்லை, அதுதான் கொடுமை. அடிப் பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது மூன்றாவது பெஞ்சில் மகள் எழுந்து நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மனு எழுதினவங்க, பதில் வரும்னு காத்துக்கிட்டே இருப்பாங்களா டீச்சர்?"

"இருப்பாங்க."

"கவர்னர் தினமும் அவங்க முகத்தப் பாத்துக்கிட்டேதான் இருப்பாரா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் திரும்பிக் கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தாள். நல்லவேளை, மணி அடித்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் நாலடி முன்னாலேயே நடந்தாள். செருப்பைக் கழற்றியதும் கேட்டாள். "லெட்டர எங்கம்மா வச்சிருக்கே?"

அம்மா அலமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். "இன்னிக்கு அப்பா கூப்பிடறப்ப நானே சொல்லிடறேன். சத்தியமா."

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ சொல்லிட்டாப் போதும்மா. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்."

ஐந்தரைக்கு டாண் என்று போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். மகள் பக்கத்திலேயே நின்றாள்.

"என்ன, பொண்ணு இப்பவே மூட்டை முடிச்செல்லாம் கட்டிட்டாளா?"

"அதப் பத்தித்தாங்க… அவ இங்கயே படிச்சா என்னன்னு…"

"என்ன திடீர்னு? நீ ஏதாவது சொல்லிக் குடுத்தியா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நாளெல்லாம் வெயிலில் நின்ற அலுப்பில் சாதாரணமாகத்தான் கேட்டார். அதுவே போதுமாக இருந்தது.

"ஐயோ, இல்லைங்க! சும்மா கேட்டேன். அவளுக்குச் சந்தோஷந்தான்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. ஒன்பது வருஷப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது. மகள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

மகள் அழவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை, காலில் விழுந்தாவது அம்மா சமாதானம் செய்திருப்பாள். அந்தப் பெண் அலுங்காமல் அம்மா கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, நான்தான். எனக்கு நிஜமாவே சந்தோஷம்பா. அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு? இந்த மாசமே சேத்துக்குவாங்களான்னு கேளுங்க."

"அடேங்கப்பா, அவ்வளவு ஆசையா!" அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னிக்கே கேக்கறேன்டா கண்ணு. என்னென்ன வேணும்னு அம்மாகிட்ட சொல்லி அனுப்பு."

"அம்மாகிட்ட வேணாம்பா. இனிமே எதுன்னாலும் எங்கிட்டயே கேளுங்க, நானே சொல்றேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு மகள் உள்ளே போய்விட்டாள். அம்மா கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.