பிரதம அதிதி அழுத்தவேண்டிய பொத்தான்

ஒரு இணையத்தளத்துக்கும் நாடா வெட்டுவார்கள் என்று சிபானா கனவிலும் நினைத்திருக்கவில்லை. கட்டடம் என்றால் வெட்டலாம். இதே கல்லூரியில் மலசலகூடத்துக்குக்கூட வெட்டினார்கள், அதையும் அவள்தான் படமெடுத்துப் போட்டாள். ஆனால் போனுக்குள் திறக்கிற ஒரு பக்கத்துக்கு எந்த இடத்தில் நாடாவைக் கட்டுவது? கட்டினார்களே! வைபவம் வைக்கவேண்டும் என்று கல்முனையில் ஒருவருக்கு மனம் வந்துவிட்டால் காற்றுக்கும் நாடா கட்டுவார்.

கல்லூரி பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, கடற்கரைப் பக்கமாக இருந்தது. மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பம், கணினி என்று டிப்ளோமாக்கள் நடத்தும் தனியார் கல்லூரி. அதன் இணையத்தளத்துக்கும் ஒன்லைன் சேவைகளுக்கும் சிபானா பொறுப்பு. பொறுப்பு என்றால் அந்தப் பகுதியில் ஆளே அவள் ஒருத்திதான். அவள் வந்து சேர்ந்தபோது இருந்த பழைய தளத்தைப் பார்த்தால் வயிறெரியும். போனில் திறந்தால் விண்ணப்பம் பாதி திரைக்கு வெளியே நிற்கும். பெறுபேறுகளைக் கழுத்தைத் திருப்பித்தான் வாசிக்கவேண்டும். ஆனால் பக்கத்தின் உச்சியில் பணிப்பாளர் காலிதீன் சேர் பொன்னாடை போர்த்துகிற படங்கள், பொன்னாடை வாங்குகிற படங்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

சிபானா உட்கார்ந்து புதிதாக ஒன்றைச் செய்தாள். போனிலேயே விண்ணப்பிக்கலாம், பெறுபேறு பார்க்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சான்றிதழ் இலக்கத்தை அடித்தால் பிள்ளையின் பெயர், படம், பரீட்சையில் பெற்ற சித்தி எல்லாம் வந்து நிற்கும். எவனோ ஒருவன் கல்லூரியின் பெயரில் கள்ளச் சான்றிதழ் அச்சடித்து விற்றதிலிருந்து வெளியில் யாரும் கடதாசியை நம்புவதில்லை. கல்லூரியின் தளத்தில் காட்டு என்றுதான் கேட்டார்கள்.

நோன்புக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. பிறகென்ன, திறக்கவேண்டியதுதானே? அங்கேதான் காலிதீன் சேர் குறுக்கே விழுந்தார். கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து மேடையில் பொத்தானை அழுத்தித்தான் திறக்கவேண்டுமாம். அதுவரை பழைய தளத்தையும் கழற்றிவிட்டு ஒரேயொரு பக்கத்தைத் தொங்கவிடச் சொன்னார். 'விரைவில் அங்குரார்ப்பணம்' என்று நடுவில் எழுத்து. இடப்பக்கம் பிரதம அதிதியின் சிரிப்பு, வலப்பக்கம் காலிதீன் சேரின் சிரிப்பு.

நோன்புக்குள் வைபவம் சரிவராது என்றார்கள். பெருநாள் போனது. பிரதம அதிதி மக்காவுக்கு உம்றா செய்யப் போனார். திரும்பி வந்து தடிமன் என்றார். மனிதரின் மூக்கு சுகமாகும்வரை ஒரு கல்லூரியே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது! பிள்ளைகள் பெறுபேறு கேட்டு நாள் முழுக்கப் போன் எடுத்தார்கள். சிபானா மீன் ஏலம் கூறுகிறவளைப்போலத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை றிபா வந்தாள். சாய்ந்தமருதுப் பிள்ளை, வாப்பா கடற்தொழில். ஆய்வுகூடப் பாடநெறியில் அந்த அணிக்கே முதலாவதாக வந்தவள். ஒரு வருடமாக நேர்முகப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை என்று அலைந்து, இப்போதுதான் மட்டக்களப்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி தலையாட்டியிருந்தது.

"மிஸ், வியாழக்கிழம பகல் லுஹர் தொழுகைக்கு முன்ன நம்மட தளத்துல என்ட நம்பர அடிச்சிப் பாப்பாங்களாம். பேர் வந்தா வேல. வராட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்திருவாங்களாம்."

"கடிதம் ஒண்டு தந்தா ஏத்துக்கமாட்டாங்களா?"

"கேட்டுப் பாத்திட்டன் மிஸ். கடிதம் எல்லாரும்தான் கொண்டு வாறாங்களாம்."

சிபானா அப்படியே எழுந்து பணிப்பாளரின் அறைக்குப் போனாள். காலிதீன் சேர் பொன்னாடைகளின் நிறத்தைத் தெரிவு செய்துகொண்டிருந்தார்.

"சேர், முழுத் தளத்தையும் திறக்கவேணாம். சான்றிதழ் பாக்கிற பக்கத்த மட்டும் திறந்து விடுவம். நம்மட றிபாட வேல இதுல கிடக்கு, மட்டக்களப்பு ஆஸ்பத்திரில வியாழன் லுஹருக்கு முன்ன பாப்பாங்களாம்."

"வியாழக்கிழமதானே வைபவம்? காலைல ஒன்பதரைக்குத் திறந்திரும். லுஹருக்கு முன்னதானே கேட்டிரிக்காங்க? என்னத்துக்குப் புள்ள பதறுறீங்க?"

"அவர் பிந்தினா?"

"பிந்தமாட்டார், இன்ஷா அல்லாஹ்."

அந்த இன்ஷா அல்லாஹ்வைக் கேட்டதுமே சிபானாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. அல்லாஹ்வின் மேல் அவளுக்குச் சந்தேகமில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர் மேல்தான். புதன்கிழமை காலை, யாரிடமும் கேட்காமல், அந்த ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டாள். றிபாவின் இலக்கத்தை அடித்தாள். பெயர் வந்தது, படம் வந்தது. அப்பாடா என்று ஒரு பிளேன்டீ குடித்தாள்.

பின்னேரம் அசர் தொழுகைக்கு முன் எல்லாம் பாழாய்ப் போனது. பழைய மாணவன் ஒருவன் சந்தோசம் தாங்காமல், 'நம்மட கல்லூரித் தளம் வேல செய்யுது, அல்ஹம்துலில்லாஹ்' என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டான். அதைப் பிரதம அதிதியின் செயலாளர் கண்டுவிட்டார். ஏற்கனவே திறந்ததைத் திறக்க எங்கள் ஐயா எதற்கு என்று கொழும்பிலிருந்து போன் வந்தது.

காலிதீன் சேர் படியேறி அவளுடைய மேசைக்கே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கலியாணத்துக்கு முன்னயே சோத்த விளம்பிட்டீங்களே புள்ள! அந்த மனுசன்ட மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிற? மூடுங்க அத!"

"சேர், றிபாட..."

"வல்லாஹி, நாளைக்கு ஒன்பதரைக்குத் திறப்பன். நான் சொல்றன்தானே!"

நின்ற நிலையில் மூட வைத்தார். அதோடு விடவில்லை. கடவுச்சொல்லைத் தானே மாற்றித் தன் போனில் வைத்துக்கொண்டார். இனி அவள் நினைத்தாலும் திறக்கமுடியாது. தானே கட்டிய வீட்டுக்குள் நுழைய இன்னொருவனிடம் சாவிக்கு நிற்கவேண்டிய நிலை. சிபானாவுக்கு அழுகை வரவில்லை, மேசையில் கிடந்ததையெல்லாம் தூக்கி அடிக்கவேண்டும் போல்தான் வந்தது.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அவளுடைய மடிக்கணினிக்குச் சிவப்பு நாடா சுற்றி, வாழ்வரசிக்குப் பூ வைத்ததுபோல ஒரு பெரிய முடிச்சும் போட்டிருந்தார்கள். 'மவுஸை' ஒரு வெள்ளித் தட்டில் வைத்து ஒரு சிறந்த மாணவி ஏந்திக்கொண்டு வரவேண்டும் என்பது காலிதீன் சேரின் ஏற்பாடு. சிறந்த மாணவி யார்? றிபா. நல்ல அபாயா உடுத்து, தட்டை ஏந்திக்கொண்டு, மேடையோரம் அவள் வந்து நின்றாள்.

ஒன்பதரை வந்தது, போனது. பிரதம அதிதி அக்கரைப்பற்றில் இன்னொரு வைபவத்தில் இருந்தார்.

"புறப்பட்டுட்டாங்க," என்றார் காலிதீன் சேர். கொஞ்ச நேரத்தால், "காரைதீவு தாண்டிட்டாங்க," என்றார். மறுபடியும் ஒரு மணித்தியாலம் கழித்து, "காரைதீவு தாண்டிட்டாங்க," என்றார். அந்தக் கார் காரைதீவை எத்தனை தரம்தான் தாண்டும்!

சிபானா அவரை மேடைக்குப் பின்னால் இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சேர், பன்னிரண்டாகப் போகுது. கடவுச்சொல்லத் தாங்க. திறந்து, அவங்க பாத்த உடனே மூடிர்றன். உங்கட கால்ல விழுறன் சேர்."

"ஒள்ளுப்பம் பொறுங்க புள்ள. இப்ப திறந்து மறுபடி எவனாவது பேஸ்புக்கில போட்டா? அவர் வாற நேரம்..."

"அவர் எங்க வாறார்?"

"காரைதீவு..."

அதற்குமேல் கேட்க அவளால் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் கதைத்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள். "நாங்க காலையிலிருந்து மூண்டு தரம் பார்த்தம் மிஸ். ரெண்டு பேர் சிரிச்சிக்கொண்டு நிற்கிற படம்தான் வருகுது. வேற ஆளை எடுத்திட்டம்."

றிபாவுக்கும் போன் வந்திருக்கவேண்டும். சிபானா திரும்பிப் பார்த்தபோது அவள் ஒரு கையால் போனை அபாயாப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். மறு கையில் தட்டு. அழவில்லை. தட்டை ஏந்தச் சொன்னார்கள், ஏந்திக்கொண்டு நின்றாள். அந்த நிற்பைப் பார்க்கச் சிபானாவுக்கு ஈரல் கொதித்தது.

லுஹர் தொழுது முடிந்த பிறகுதான் பிரதம அதிதி வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள், உரைகள் நடந்தன. காலிதீன் சேர் போனைப் பார்த்துக் கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்தார். றிபா தட்டோடு வந்தாள். பிரதம அதிதி நாடாவை வெட்டி, மவுஸை எடுத்து அழுத்தினார். தளம் திறந்தது. மண்டபம் கைதட்டியது.

"இப்ப யார்டயாவது ஒரு நம்பரப் போட்டுக் காட்டுவம்," என்றார் காலிதீன் சேர் மைக்கில். "சிபானா, ஒரு நம்பர் சொல்லுங்க."

சிபானா மேடையேறினாள். றிபாவின் இலக்கத்தைச் சொன்னாள்.

பெரிய திரையில் றிபாவின் படம் வந்தது. பெயர், பாடநெறி, முதலாம் தரச் சித்தி. மறுபடியும் கைதட்டல். பிரதம அதிதி திரையைப் பார்த்தார், தட்டோடு நின்றவளைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"இந்த மகள்தானா அது? மாஷா அல்லாஹ்! இப்ப எங்க மகள் வேல செய்றீங்க?"

றிபா வாயைத் திறக்குமுன் காலிதீன் சேர் முந்திக்கொண்டார். "மட்டக்களப்பில ஒரு ஆஸ்பத்திரில கிடைச்சிரிக்கி சேர். எல்லாம் நம்மட கல்லூரிட..."

"கிடைக்கல்ல," என்றாள் சிபானா.

அவர் கையிலிருந்த மைக்கை அவள் வாங்கவில்லை, பிடுங்கினாள்.

"காலைல வரைக்கும் அது இவள்ட வேல சேர். இண்டைக்கு லுஹருக்கு முன்ன இந்தப் பக்கத்தப் பாக்கிறதா அவங்க சொல்லியிருந்தாங்க. மூண்டு தரம் பாத்திரிக்காங்க. இந்தப் பக்கம் நோன்புக்கு முன்னயே முடிஞ்ச பக்கம். நான் திறந்தன், மூட வெச்சாங்க. நீங்க வந்து திறக்கணுமாம்!"

யாரோ மைக்கின் கம்பியைக் கழற்றினார்கள். சிபானா அதைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரிசைவரை கேட்கச் சத்தமாகவே சொன்னாள்:

"நீங்க பொத்தான அமத்துறதுக்காக மூடி வெச்சதால இந்தப் புள்ளைட வேல போச்சி. இப்ப தட்டுங்க கைய!"

ஒருத்தரும் தட்டவில்லை.