பலவேசத்தின் பாட்டில் வீடு

அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் அறை கிடைக்காதவர்கள் மேலகரம் வரைக்கும் வந்து வீடு தேடினார்கள். உலகம்மையும் வழக்கம்போல மாடியறையை சீசனுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியிருந்தது. அருவி அருவியாகக் குளித்து அலுத்துப்போய், ஒருநாள் தென்காசிக்குக் கிழக்கே எங்கேயோ போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார்கள்.

"எங்க போயிட்டு வாறீய?" என்று கேட்டாள் உலகம்மை.

"பாட்டில் பங்களா பாக்கப் போனோம்க்கா," என்றார் குடும்பத் தலைவர். "ஒரு குடிகாரன், தான் குடிச்ச பாட்டிலையெல்லாம் அடுக்கியே பொட்டக்காட்டுல வீடு கட்டியிருக்கான். டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

உலகம்மை கொடியில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். உள்கட்டில் உட்கார்ந்து இடியாப்பம் தின்றுகொண்டிருந்த அவள் அப்பா பலவேசம் தலையை நீட்டினார்.

"வீடு நல்லா இருக்கா தம்பி?"

"ஜோரா இருக்கு தாத்தா."

"கதவெல்லாம் சரியா அடைக்குதா?"

விருதுநகர்க்காரர் கொஞ்சம் முழித்தார். "கதவா? அதை நான் கவனிக்கலியே," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

பலவேசம் கையைக் கழுவிக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் நின்றார். "எட்டி, நாளைக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா?"

"எதுக்குய்யா? சவத்த விடுங்க."

"கதவு இறுக்கமா இருக்கும். மழைக் காலத்துல ஊறிப் போவும். அத ஒருக்கப் பாக்கணும்."

தான் கட்டிய அந்த பாட்டில் வீட்டைப் பலவேசம் ஆதித்தன் முதலாளிக்கு விற்று மூன்று வருஷமாகிவிட்டது. அடுத்தவன் வீட்டுக் கதவு ஊறினால் இவருக்கு என்ன என்று உலகம்மைக்கு வாய்வரை வந்தது. இந்த மூன்று வருஷமும் அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அவளும் தலைவலி, மழை, வீட்டுக்கு ஆள் வருகிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பலவேசத்துக்குத் தென்காசி பஜாரில் காலி பாட்டில் வியாபாரம். மருந்துக் கடை, சோடாக் கடை, குற்றாலத்துப் பங்களாக்கள் என்று எங்கெங்கே பாட்டில் கிடக்குமோ அங்கெல்லாம் வாங்கி, கழுவி, வேண்டியவர்களுக்கு விற்பார். நல்ல நடமாட்டமுள்ள கடை. உலகம்மை சிறுபிள்ளையாக இருக்கும்போது அவள் அம்மா சொக்கம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு மனுஷன் கடையைக் கைமாற்றி விட்டுவிட்டு, சுரண்டை ரோட்டுப் பொட்டலில் தனக்கிருந்த நிலத்துக்குப் போய்க் குடியேறினார். மிச்சமிருந்த பாட்டில்களை மண்ணில் பதித்துச் சுவர் எழுப்ப ஆரம்பித்தார். ஒரு அறை, அடுத்த அறை, அதற்கு மேலே ஒரு கூண்டு. பதிமூன்று வருஷம் நிறுத்தவே இல்லை.

உலகம்மை சிவகிரியில் சித்தி வீட்டிலிருந்து படித்தாள். மதுவிலக்கு வந்த காலம் அது. பொட்டலில் பிராந்தி பாட்டிலால் ஒருவன் வீடு கட்டுகிறான் என்றால் ஊர் என்ன பேசும்? பள்ளிக்கூடத்தில் 'பாட்டில் மவ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பலவேசம் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல? யாராவது கேட்டால், "தூரத்துச் சொந்தம், பெரியப்பா முறை வேணும்," என்று சொல்லி அவள் தப்பித்துக்கொள்வாள். கல்யாணமான பிறகும் அப்படியே பழகிவிட்டது. அவர் சுவரிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோதுதான் மேலகரத்துக்குக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். செங்கல் சூளை போடுவதற்கென்று நிலத்தை வாங்கிய ஆதித்தன், வருகிற பஸ்ஸெல்லாம் வீட்டைப் பார்த்து வேகம் குறைவதைக் கண்டு சூளை யோசனையைக் கைவிட்டு, வேலி கட்டி, வாசலில் வளைவு வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பலவேசம் வெள்ளை வேட்டி கட்டி, கைத்தடியை எடுத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போகிறவர்போல விபூதி வேறு பூசியிருந்தார். அதைப் பார்த்தபிறகு உலகம்மைக்குச் சாக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

தென்காசி எல்லை தாண்டியதுமே சாரல் நின்றுவிட்டது. கொஞ்சதூரத்தில் வெயில். பனையும் உடைமரமும் தவிர வேறு பச்சை இல்லை. மேல்காற்று செம்மண்ணை வாரி பஸ்ஸுக்குள் போட்டது. பலவேசம் கண்ணை இடுக்கிக்கொண்டு, "காத்து நல்லா அடிக்குது," என்று சந்தோஷமாகச் சொன்னார்.

வாசல் வளைவில் 'அதிசய பாட்டில் பங்களா' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு இருவரும் கூட்டத்தோடு நின்றார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவன் பெயர் அய்யாக்குட்டி. ஒல்லியான ஆள். முன்பு டூரிங் டாக்கீஸில் நோட்டீஸ் வண்டியில் உட்கார்ந்து கூவிக்கொண்டு போனவன், அதனால் குரல் மட்டும் ஆளைவிடப் பெரிதாக இருந்தது.

"இந்த மாளிகையைக் கட்டினவரு பேரு பலவேசம். வெள்ளக்காரத் துரைகிட்ட பட்லரா இருந்தவரு. துரையோட தங்கச்சி மேல அவருக்கு ஒரு இது. அந்தம்மா கப்பலேறிப் போனதும் மனுஷன் ஒடஞ்சுபோனாரு. குடிக்க ஆரம்பிச்சாரு. இங்க நீங்க பாக்குத ஒவ்வொரு பாட்டிலும் அவரு குடிச்சுத் தீத்தது. கடைசியில ஒருநாள் மலையப் பாத்து நடந்தாரு. திரும்பி வரல. செத்துப்போனாருன்னு கேள்வி."

ஒரு அம்மாள் 'ச்சு' கொட்டினாள். உலகம்மைக்கு முகமெல்லாம் எரிந்தது. பக்கத்தில் அப்பா இருக்கிறாரே என்று திரும்பினாள். பலவேசம் கைத்தடியில் மோவாயை ஊன்றிக்கொண்டு கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் துரைசானி பேரு என்ன தம்பி?" என்றார்.

"எலிசபெத்து, பெரியவரே."

"நல்ல பேரு."

"ஐயா, போதும். போவோம்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள் உலகம்மை.

"பொறுட்டி. இன்னும் ரெண்டு ரூம் கெடக்குல்லா."

உள்ளே போனதும் கூட்டம் அண்ணாந்து பார்த்தது. சுவர் முழுக்கப் பச்சை, தேன் நிறம், மருந்து பாட்டிலின் நீலம். வெயில் அதன் வழியே வந்து தரையில் கிடந்தது. ஒரு குழந்தை நீலத்திலிருந்து பச்சைக்குத் தாவிக் குதித்துக்கொண்டிருந்தது. பலவேசம் நேரே கதவுக்குப் போய், திறந்து மூடிப் பார்த்தார். பிடிக்காமலிருக்க அடிப்பக்கத்தைச் செதுக்கி விட்டிருந்தார்கள். திருப்தியாகத் தலையாட்டினார். உலகம்மை எத்தனையோ விடுமுறைக்கு இங்கே வந்திருக்கிறாள். ஆனால் உள்ளே நின்று பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

மேற்குப் பக்கத்து அறைக்கு வந்ததும் பலவேசத்தின் முகம் மாறிவிட்டது. சுவரில் காதை வைத்தார். நகர்ந்து இன்னொரு இடத்தில் வைத்தார். பிறகு விறுவிறுவென்று வெளியே போய் அந்தச் சுவரைச் சுற்றிப் பார்த்தார். அங்கே பாட்டில்களின் வாயெல்லாம் வெளிப்பக்கம் பார்த்திருக்கும். மேற்கு மலைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அந்த வாய்களில் பட்டு ஊதும்படி அளவு பார்த்து அவர் வைத்த சுவர் அது. இப்போது ஒவ்வொரு வாயையும் சிமிண்டால் அடைத்திருந்தார்கள்.

அவர் மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். அய்யாக்குட்டி ஓடிவந்தான்.

"பெரியவரே, என்ன செய்யுதீரு? கைய எடும்."

"ஏம்ல அடச்சீய?"

"குளவி கூடு கட்டுது. வாறவங்களக் கொட்டுது. மொதலாளி அடைக்கச் சொல்லிட்டாரு. நீரு யாரு கேக்கதுக்கு?"

"நான்தான் இதக் கட்டுனேன்."

கூட்டம் சிரித்தது. அய்யாக்குட்டியும் சிரித்தான். "போன மாசம் பண்பொழியில இருந்து ஒருத்தரு வந்தாரு. அவரும் நான்தான் பலவேசம்னு சொல்லி டிக்கெட் இல்லாம உள்ள போவப் பாத்தாரு. போங்க பெரியவரே, கூட வந்தவங்க யாரு? இவரக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க."

பலவேசம் சுரண்டுவதை நிறுத்தினார். மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலோ கோபமோ இல்லை. இவள் என்ன சொல்வாள் என்பது ஏற்கெனவே தெரிந்ததுபோல, கத்தியை மடக்கி மடியில் செருகிக்கொண்டார். உலகம்மைக்கு அதுதான் தாங்கவில்லை.

"அவிய பொய் சொல்லல," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். "இவியதான் பலவேசம். நான் இவிய மவ. எங்க ஐயா பட்லர் இல்ல, தென்காசியில பாட்டில் கடை வச்சிருந்தவிய. ஒரு சொட்டு குடிச்சதில்ல. வேணும்னா ஒங்க மொதலாளியக் கூப்பிட்டுக் கேளு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தது இவியதான்."

யாரும் சிரிக்கவில்லை. அய்யாக்குட்டி பலவேசத்தின் முகத்தையும், சுவரில் அவர் சுரண்டிய இடத்தையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கு வேர்த்துவிட்டது.

"அண்ணாச்சி," என்றான் மெதுவாக, "செத்துட்டியன்னு சொல்லிட்டேனே."

"அதனால என்ன. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

கூட்டத்திலிருந்த ஒருவர் முன்னால் வந்தார். "அப்ப ஏன் கட்டுனீங்க, சொல்லுங்க."

"வீடு வேணும். கையில பாட்டில் இருந்துச்சு," என்றார் பலவேசம்.

அவர்களுக்கு அது போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. உலகம்மை அவர்களுக்குப் பதில் சொல்கிற மாதிரி, "எங்க அம்மை செத்த துக்கத்துல கட்டுனாவ," என்றாள்.

பலவேசம் ஆச்சரியமாக அவளைப் பார்த்தார். "யாருட்டி அப்பிடிச் சொன்னா? மொதச் சுவரக் கட்டினவளே உங்கம்மைதான்."

உலகம்மைக்கு விளங்கவில்லை. அவர் தடியை ஊன்றிக் கிழக்கு அறைக்கு நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள். அங்கே ஒரு சுவர் மற்றதைப்போல நேராக இல்லாமல் நடுவில் தொந்தி தள்ளி நின்றது.

"கடையில எடம் பத்தலன்னு இங்கன ஓலக் கொட்டகை போட்டு பாட்டில அடுக்கி வச்சிருந்தோம். காத்து ஓலையப் பிச்சுக்கிட்டுப் போயிரும். பாட்டிலையே மண்ணுல பதிச்சுச் சுவரு வச்சா என்னன்னு கேட்டது அவதான். நீ சிவகிரிக்கு லீவுக்குப் போயிருந்த. ரெண்டு பேருமாச் சேந்து கட்டுனோம். மறுநா காலையில இதுல வெயிலு ஏறுச்சு. அவ இங்கனயே உக்காந்துட்டா. அன்னைக்குச் சோறு பொங்கல."

"பெறவு?"

"பெறவு அவ போயிட்டா. ஒத்தச் சுவரு என்னத்துக்கு ஆவும்? மிச்சம் மூணையும் எழுப்புனேன். அதுக்கப்புறம் கை நிக்கல."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நீ கேக்கலியேட்டி. இங்கன வந்தா வாசல்லயே நிப்ப, அடுத்த பஸ்ஸு எப்பன்னு கேப்ப." அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

உலகம்மை அந்தக் கோணல் சுவரில் கை வைத்தாள். அம்மா என்றால் அவளுக்கு நினைவிருப்பது கணக்காக அரிசி அளந்து போடுகிற, ஒரு சாமானைக்கூட வீணாக்காத பொம்பளை. ஊர் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னதை ஆரம்பித்து வைத்ததே அந்தப் பொம்பளைதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. அய்யாக்குட்டி எங்கிருந்தோ உளியும் சுத்தியலும் கொண்டுவந்து மேற்குச் சுவரில் சிமிண்டை உடைத்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் இரண்டு பேர் உதவிக்கு நின்றார்கள். திறந்த முதல் பாட்டில் மண்ணைக் கக்கியதோடு சரி. அடுத்ததும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வரிசை திறந்த பிறகு, மேல்காற்று ஒரு மூச்சு வேகமாக அடித்தது. பனைமரத்து ஆந்தை முனகுகிற மாதிரி ஒரு சத்தம் எழும்பி, பெரிதாகி, வீட்டுக்குள்ளெல்லாம் நிறைந்தது. சின்ன மருந்து பாட்டில்கள் அதற்கு மேலே கீச்சென்று ஊதின.

"இதென்ன, காதக் குடையுது," என்று முன்பு 'ச்சு' கொட்டின அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். பலவேசம் கண்ணை மூடி நின்றார்.

மறுவாரம் ஆதித்தன் முதலாளி மேலகரத்துக்கே வந்துவிட்டார். சிமிண்டை யாரைக் கேட்டு உடைத்தீர்கள் என்று கோபமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் சத்தம் கேட்கவென்றே ஆட்கள் வருகிறார்கள் என்பதையும் அவரால் மறைக்க முடியவில்லை. கடைசியில், காற்றுக் காலம் முடிகிறவரை வாய் திறந்திருக்கட்டும், குளவியைப் பலவேசம் அண்ணாச்சியே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று பேசி முடித்தார்கள். உலகம்மை ஒன்றுதான் கேட்டாள். குடிகாரர் என்று சொல்லக் கூடாது, அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாளி சரி என்றார்.

அய்யாக்குட்டி சொன்னான். ஆனால் அவன் வாய் சும்மா இருக்குமா? வாரத்துக்கு ஒரு தடவை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற உலகம்மை, கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்பாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு பொய்யையும் நிறுத்தித் திருத்தினாள். போகப்போக, சிலது நன்றாகவே இருந்ததால் விட்டுவிட்டாள்.

ஆவணியில் ஒருநாள் அவன் கிழக்குச் சுவரைக் காட்டிக் கூவிக்கொண்டிருந்தான். "சொக்கம்மாள் ஆச்சி சாதாரணப்பட்டவங்க இல்ல. யானை மேல பாட்டில் ஏத்திக் கொண்டுவந்தவங்க. பச்ச பாட்டில் வைக்க வேண்டிய எடத்துல பலவேசம் அண்ணாச்சி வெள்ளைய வச்சிட்டாருன்னு, கையில இருந்த பாட்டிலாலயே அவரு மண்டையில ஒரு போடு போட்டாங்க."

உலகம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து, நரைமுடியை விலக்கி ஒரு பழைய தழும்பைக் காட்டினார்.

"யானை பொய்," என்றார் அவள் காதோடு.